மாத்திரைக்கு முன்பே முறிந்த எலும்புகள்

சென்ற இதழில் எலும்புப்புரை பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். எலும்பு முறிந்து படுத்தவர்களை மறுபடி எழுந்து நிற்கவைப்பது என் தொழில். இருபத்திரண்டு ஆண்டுகளாக பிசியோதெரபி செய்கிறேன். அந்தக் கட்டுரையை நம்பி மருந்தை நிறுத்தும் ஒரு மூதாட்டி, கடைசியில் யார் கையைப் பிடித்துக்கொண்டு வாக்கரில் முதல் அடி வைப்பார் என்பது எனக்குத் தெரியும். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கட்டுரையாளரின் வாதம் இது. எலும்புப்புரை என்பது 1994இல் ஒரு குழு கோடு போட்டு உருவாக்கிய நோய். எலும்பு உடைவது விழுவதால்; எலும்பின் மெலிவால் அல்ல. மருந்தின் பலன் நூற்றுக்கு ஒன்று. அதற்கு விலையாகத் தொடை முறிகிறது, தாடை அழுகுகிறது. எலும்பு ஆராய்ச்சியே மோசடி. கேழ்வரகும் வெயிலும் நடையும் நம் பாட்டிகளைக் காத்தன. நமக்கும் அவை போதும். ஆகவே மருந்தை இன்றே நிறுத்துங்கள்.

இந்த வாதங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளியைக் காட்டியே பெரும் பொய்யை வாசகரிடம் சேர்த்திருக்கிறார். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோடு போட்டதால் வந்த நோயா?

லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1820களிலேயே இதை எழுதிவைத்தார். முதுமையில், அதிலும் பெண்களுக்கு, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி சிறு தடுக்கலிலும் முறிகிறது. வயதோடு எலும்பு மெலிவதே காரணம் என்றார். ‘ஆஸ்டியோபோரோசிஸ்’ என்ற பெயரை ஸ்ட்ராஸ்பர்க் நகரின் நோய்க்குறியியல் அறிஞர் ஜான் லோப்ஸ்டைன் 1830 வாக்கில் வைத்தார். மாதவிடாய் நின்ற பெண்களின் முதுகெலும்பு நசுங்குவதையும் ஈஸ்ட்ரோஜன் குறைவதையும் பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் 1940களின் தொடக்கத்தில் இணைத்துக் காட்டினார். கட்டுரையாளர் குறிவைக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1995இல். மாத்திரை வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நோய்க்குப் பெயர் இருந்தது. இதைத் தேடிப் பார்க்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தைக்கூட அவர் வாசகருக்காகச் செலவிடவில்லை.

1994இல் நடந்தது என்ன? இளம் வயதினரின் சராசரி எலும்பு அடர்த்தியை அளவுகோலாக வைத்து, அதிலிருந்து இரண்டரை திட்டவிலக்கமோ அதற்கு மேலோ குறைந்தால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை வரையறுத்தது. கோடு மனிதர்கள் போட்டதுதான். ரத்த அழுத்தத்துக்கு 140 என்ற கோட்டையும் மனிதர்கள்தான் போட்டார்கள். அதனால் பக்கவாதம் கற்பனை ஆகிவிடாது.

இதில் அவர் சொன்ன ஓர் உண்மையை ஏற்கிறேன். கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும் ‘ஆஸ்டியோபீனியா’ என்ற நிலையை நோய்போலக் காட்டி, ஐம்பது வயதில் ஆரோக்கியமாக இருந்த அமெரிக்கப் பெண்களிடமும் மருந்து விற்கப்பட்டது. மெர்க் மருந்து நிறுவனம் எலும்பு அளவீட்டுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கி, சிறிய ஸ்கேன் கருவிகள் மருத்துவர்களின் அறைகளுக்குப் பரவ வழிசெய்தது. அது கண்டிக்கத்தக்கது. ஆனால் ஐம்பது வயதில் சற்றே மெலிந்த எலும்பும், எழுபது வயதில் ஒருமுறை உடைந்த எலும்பும் ஒன்றல்ல. முதலாமவருக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லி இரண்டாமவரின் மருந்தைப் பிடுங்குவது எந்த நியாயத்திலும் சேராது.

விழுவதாலா, மெலிவதாலா?

இடுப்பு முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை விழுந்து வருபவைதான். என் பேத்தி நாளுக்கு நான்கு முறை விழுகிறாள். அழுதுவிட்டு எழுந்து ஓடுகிறாள். நின்ற உயரத்திலிருந்து விழுந்த மாத்திரத்தில் தொடை எலும்பு இரண்டாகப் போனால், விழுந்தது எவ்வளவு காரணமோ அவ்வளவு எலும்பும் காரணம். பல ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, இடுப்பில் அளக்கும் அடர்த்தி ஒரு திட்டவிலக்கம் குறையும்தோறும் இடுப்பு முறிவின் அபாயம் ஏறக்குறைய 2.6 மடங்காகிறது என்று காட்டியது. கட்டுரையாளரின் பார்வையில் இந்த எண் படவே இல்லை.

இடுப்பு முறிந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தவர்கள், ஆகவே ஸ்கேன் பயனற்றது என்கிறார். அமெரிக்க ஆய்வு ஒன்றில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு பள்ளிக்கணக்கிலேயே தவறு. ஏரிக்கரையை ஒட்டிய தாழ்வான தெருவில் இருபது வீடுகள்; மேட்டுப் பகுதியில் ஐந்நூறு வீடுகள். பெருமழையில் தாழ்வான தெருவில் பத்து வீடுகளிலும் மேட்டில் பன்னிரண்டு வீடுகளிலும் தண்ணீர் புகுகிறது. வெள்ளம் கண்ட வீடுகளில் பாதிக்கு மேல் மேட்டில்தான். அதற்காக ஏரிக்கரையோரம் பத்திரமான இடம் என்று யாராவது சொல்வார்களா?

அடர்த்தி மட்டுமே எலும்பின் வலிமை அல்ல என்பதும் அவர் கண்டுபிடித்த ரகசியமல்ல. எலும்பு ஆய்வாளர்கள் தம் தோல்வியிலிருந்தே கற்றுக்கொண்ட பாடம் அது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரிக்ஸ் குழுவினர் 202 பெண்களை வைத்து நடத்திய ஃபுளோரைடு ஆய்வின் முடிவை 1990இல் வெளியிட்டார்கள். ஃபுளோரைடு எடுத்தவர்களின் கீழ்முதுகெலும்பின் அடர்த்தி நான்காண்டுகளில் 35 சதவீதம் ஏறியது. ஆனால் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடும்படிக் குறையவில்லை. பிற எலும்பு முறிவுகளோ, ஒப்பீட்டுக் குழுவில் 24 இருக்க, ஃபுளோரைடு குழுவில் 72 ஆயின. ஸ்கேனில் எலும்பு வெளுத்துப் பளிச்சென்று தெரியும். அமைப்பு கெட்டு நொறுங்கும். ஒரு மருந்து அடர்த்தியை ஏற்றினால் போதாது, முறிவைக் குறைக்கிறதா என்று காட்டவேண்டும் என்ற பாடத்தை மருத்துவ உலகம் இதிலிருந்துதான் மனதில் ஏற்றிக்கொண்டது. 2008இல் ஷெஃபீல்டிலிருந்து வந்த ‘ஃப்ராக்ஸ்’ கணக்கீடும் வயது, பழைய முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மருந்து, முடக்குவாதம் எல்லாவற்றையும் சேர்த்தே அபாயத்தைச் சொல்கிறது. ஸ்கேன் இல்லாமலும் அது வேலை செய்யும். ஆய்வாளர்கள் கடந்துவந்த தவறை இன்றும் அவர்கள் செய்துகொண்டிருப்பதாகக் கட்டுரையாளர் எழுதுகிறார்.

நூற்றுக்கு ஒன்றா?

1996இல் லான்செட் இதழில் வந்த அலெண்ட்ரோனேட் ஆய்வைத்தான் அவர் எடுத்துக்கொள்கிறார். ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்த 2,027 பெண்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.2 சதவீதத்தினருக்கு இடுப்பு முறிந்தது. மருந்து எடுத்தவர்களில் 1.1. பாதியாகக் குறைந்தது என்று மருந்துக் கம்பெனி சொல்வது ஏமாற்று, உண்மையில் குறைந்தது ஒரு சதவீதம்தான் என்கிறார். இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அப்படியானால் அவர் ஏன் அதே ஆய்வின் அடுத்த எண்ணைச் சொல்லவில்லை? புதிதாக முதுகெலும்பு நசுங்கியவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 15 சதவீதம். மருந்துக் குழுவில் 8. நூறு பெண்களில் ஏழு முதுகுகள் தப்பின.

2007இல் வந்த சோலெட்ரோனிக் அமில ஆய்வில், ஆண்டுக்கு ஒருமுறை ரத்தக்குழாயில் ஏற்றும் அந்த மருந்தால் மூன்றாண்டுகளில் முதுகெலும்பு முறிவு 10.9இலிருந்து 3.3 சதவீதமாக இறங்கியது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு என் தொழிலுக்கு மிக நெருக்கமானது. இடுப்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த 2,127 பேரில் ஒரு பாதிக்கு அதே மருந்து, மறுபாதிக்கு வெற்று மருந்து. புதிய முறிவு 13.9இலிருந்து 8.6 சதவீதமாகக் குறைந்தது. இறப்பு 13.3இலிருந்து 9.6ஆகக் குறைந்தது. நூறு பேரில் ஏறத்தாழ நான்கு உயிர்கள். ‘நூற்றுக்கு ஒன்று’ என்று கொட்டை எழுத்தில் போட்டவருக்கு இந்த நான்கு பேரைச் சொல்ல ஒரு வரிகூட ஒதுக்க முடியவில்லை.

தொடையும் தாடையும்

பக்கவிளைவுகள் உண்டு. நீண்டகாலம் மருந்து எடுப்பவர்களில் சிலருக்குத் தொடை எலும்பின் நடுப்பகுதி இயல்புக்கு மாறாக முறிகிறது. இதைப் பெரிய அளவில் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டவர்களும் எலும்பு ஆய்வாளர்களே. தெற்குக் கலிஃபோர்னியாவில் 1,96,129 பெண்களைத் தொடர்ந்தார்கள். அத்தகைய முறிவுகள் 277. மூன்றாண்டு மருந்து எடுக்கும் பத்தாயிரம் வெள்ளையினப் பெண்களில் 149 இடுப்பு முறிவுகள் தவிர்க்கப்படும், இரண்டு தொடை முறிவுகள் நேரும் என்று கணக்கிட்டார்கள். ஆசிய வம்சாவளிப் பெண்களில் தவிர்க்கப்படுபவை 91, நேர்பவை 8. ஆசியர்களுக்கு அபாயம் கூடுதல். மருந்தை நிறுத்தியபின் அது வேகமாக இறங்குகிறது. அந்த எட்டை நான் மறைக்கவில்லை. தொண்ணூற்றொன்றை அவர் மறைத்தார்.

தாடை எலும்பு அழிவு பெரும்பாலும் புற்றுநோய்க்காக மிக உயர்ந்த அளவில் இம்மருந்துகளைப் பெறுபவர்களிடம் காணப்படுவது. எலும்புப்புரைக்குத் தரும் அளவில் அது மிக அரிது. பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு மருந்தைத் தொடங்குவது, தொடையிலோ தொடையிடுக்கிலோ வலி வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்வது, சில ஆண்டுகளுக்குப் பின் மருந்துக்கு இடைவெளி விடலாமா என்று கேட்பது: வாசகருக்குத் தேவையானவை இவை. அவர் தந்தது பீதி.

அந்தப் பீதியில் ஒரு நேரடி ஆபத்தும் இருக்கிறது. எலும்புப்புரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை மாற்று மருந்து இல்லாமல் திடீரென்று நிறுத்தினால், அடக்கிவைத்த எலும்புச் சிதைவு பன்மடங்காகத் திரும்பும்; சிலருக்கு முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கும். மருந்தின் ஆபத்துகளைப் பற்றி எழுத வந்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் எழுதினால் பொறுப்பின்மை. தெரிந்தும் ‘இன்றே நிறுத்துங்கள்’ என்று எழுதினால் அது குற்றம்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட செய்திகள் பரவிய 2008க்கும் 2012க்கும் இடையில் அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரைகளின் பயன்பாடு பாதிக்கும் கீழே போனது. பல ஆண்டுகளாக இறங்கிவந்த இடுப்பு முறிவு விகிதம் 2012க்குப் பின் இறங்காமல் நின்றது. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் பேனா பிடிப்பவர் யாரும் இதை அறிந்தபின் கை கூசாமல் ‘நிறுத்துங்கள்’ என்று எழுத முடியாது.

மோசடியைப் பிடித்தது யார்?

ஜப்பானிய ஆய்வாளர் யோஷிஹிரோ சாடோவின் பொய்யான எலும்பு ஆய்வுகளைக் காட்டி, துறையே அழுகிவிட்டது என்கிறார். சாடோ செய்தது பெரும் மோசடி. அவருடைய ஆய்வுகள் டஜன் கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. அதைப் பல ஆண்டுகள் விடாமல் தோண்டியவர்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் மார்க் போலண்ட், ஆண்ட்ரூ கிரே, கிரெக் கேம்பிள், ஸ்காட்லாந்தின் அலிசன் அவெனல் ஆகியோர். கால்சியம் மாத்திரைகளால் மாரடைப்பு அபாயம் கூடக்கூடும் என்று எச்சரித்ததும் போலண்டின் குழுதான். அவர்கள் கம்பெனிகளின் ஆட்கள் அல்ல. அதே போலண்டும் கேம்பிளும் இடம்பெற்ற 2018ஆம் ஆண்டு ஆய்வு, நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றத்தின் நிதியில் நடந்தது. 65 வயதைக் கடந்த, எலும்பு ஓரளவு மெலிந்த 2,000 பெண்களில் பாதிப் பேருக்கு ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை சோலெட்ரோனிக் அமிலம், மீதிப் பேருக்கு வெற்று ஊசி. ஆறாண்டுகளில் எலும்பு முறிந்த பெண்கள் வெற்று ஊசிக் குழுவில் 190. மருந்துக் குழுவில் 122. மோசடியைக் கண்டுபிடிக்க இவர்களை நம்புகிறவர், இவர்களே கண்ட பலனை மட்டும் ஏன் ஒதுக்குகிறார்?

கேழ்வரகும் பாட்டியும்

கேழ்வரகு நல்ல உணவு. நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது. களியும் கூழும் அதில் பெரும் பங்கைத் தரும். ஆனால் பற்றாக்குறையை நிரப்புவது வேறு, முறிந்த எலும்புக்கு வைத்தியம் செய்வது வேறு. பிரான்சின் லியோன் பகுதி முதியோர் இல்லங்களில், சத்துக் குறைவுள்ள மூதாட்டிகளுக்குக் கால்சியமும் விட்டமின் டியும் தந்தபோது இடுப்பு முறிவு குறைந்ததை 1992இல் காட்டினார்கள். பெரும்பாலும் குறைபாடில்லாத 25,871 அமெரிக்கர்களை வைத்து 2022இல் வெளியான ஆய்விலோ விட்டமின் டியால் முறிவு குறையவில்லை.

தருமபுரியை எண்ணிப் பாருங்கள். கேழ்வரகு விளையும் மண். வெயிலுக்கும் உழைப்புக்கும் குறைவில்லாத மக்கள். ஆனால் கிணற்று நீரில் ஃபுளோரைடு. பல்லில் கறையோடு வளர்ந்து, முதுகு விறைத்து, மூட்டு மடங்காமல் போன பெரியவர்களை அந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஃபுளோரைடால் வரும் இந்த நோயைச் சென்னை மாகாணத்தில் 1937இலேயே மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திறக்கப்பட்டது 2013இல். எலும்புக்குத் தட்டில் இருப்பது மட்டும் போதாது என்பதை அந்த மாவட்டம் உடம்பால் அறிந்திருக்கிறது.

நடை இதயத்துக்கு நல்லது; எலும்பு அதைவிடக் கூடுதல் சுமை கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற பெண்களை வாரம் இரு முறை, பயிற்சியாளரின் கண்காணிப்பில் எட்டு மாதங்கள் பாரம் தூக்கவைத்து எலும்பு அடர்த்தி ஏறியதைக் காட்டினார்கள். உடற்பயிற்சியே என் பிழைப்பு. மருந்தே வேண்டாம், பயிற்சி போதும் என்று எழுதினால் எனக்குத்தான் லாபம். அது உண்மை அல்ல என்பதால் எழுத மாட்டேன்.

இரும்பு எலும்புப் பாட்டிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 1951 வாக்கில் இந்தியரின் சராசரி ஆயுள் நாற்பதை எட்டவில்லை. குழந்தைச் சாவுகளை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் எண்பதைத் தொட்டவர்கள் குறைவு. தொட்டவர்களும் நிமிர்ந்தா நின்றார்கள்? ஊருக்கு ஊர், தடியூன்றித் தரையைப் பார்த்து நடந்த கூன் கிழவிகள் யார்? அந்தக் கூன்களில் பலவற்றுக்குள் அடுக்கடுக்காக நசுங்கிய முதுகெலும்புகள் இருந்தன. நம் பாட்டிகளுக்கும் எலும்பு முறிந்தது. படம் எடுத்துப் பார்க்க ஆளில்லாததால் அதை வயது என்று சொல்லிக் கடந்தோம். அவர்களுடைய வலியை இன்று ஆரோக்கியத்துக்குச் சான்றாகக் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

இங்கே நடப்பது என்ன?

என் ஆத்திரத்தின் வேர் இங்கேதான். அளவுக்கு மீறிய மருந்து என்பது வசதி படைத்த நாடுகளின் ஒரு காலத்துப் பிரச்சினை. அதை அப்படியே இறக்கி இங்கே விரித்திருக்கிறார். ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் எண்ணியபோது, ஐம்பது வயதைக் கடந்தோரில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 129 பேருக்கு இடுப்பு முறிந்திருந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி தன் சுற்றுவட்டாரத்தில், நடமாடிக்கொண்டிருந்த, மாதவிடாய் நின்ற பெண்களைச் சோதித்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓரிடத்தில் எலும்புப்புரை இருந்தது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ‘மூட்டுத் தேய்மானம்’ வேறு, எலும்புப்புரை வேறு என்றே அறியாதவர்கள். ராடு வைத்து, தையல் பிரித்து, கால்சியம் மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். எலும்பு ஏன் உடைந்தது என்று அவர்களிடம் யாரும் பேசியதில்லை. அலெண்ட்ரோனேட்டுக்கும் சோலெட்ரோனிக் அமிலத்துக்கும் காப்புரிமை முடிந்து, பல நிறுவனங்கள் அவற்றைத் தயாரிக்கின்றன. இன்று வியாபாரம் கொழிப்பது எலும்புக்கு வலு என்று விளம்பரம் செய்யும் சத்துமாவு டப்பாக்களிலும், குதிகாலை மட்டும் அளந்து பயமுறுத்தும் இலவச முகாம்களிலும். அவற்றைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

என் அம்மாவுக்கு 61 வயதில், ஈர வாசலில் கோலம் போடும்போது வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரத்தில் பிரித்தார்கள். வயசாச்சு, விழுந்தா உடையத்தானே செய்யும் என்றார் பார்த்த மருத்துவர். நானும் தலையாட்டினேன், விரல்களுக்குப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்தேன். ஒருமுறை முறிந்தவருக்கு மறுபடி முறியும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு என்று நான் படித்திருந்தேன். படித்ததை என் வீட்டில் நினைக்கவில்லை. எட்டு ஆண்டு கழித்து, இரவில் பாத்ரூம் போகும்போது அம்மாவின் இடுப்பு உடைந்தது. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அம்மா பிழைத்தார். ஆனால் அதன்பின் அந்த வாசலில் குனிந்து ஒரு புள்ளி வைக்கவில்லை.

கட்டுரையாளர் என் அம்மாவின் முறிவுக்கு வயது என்று பெயர் வைக்கிறார். அந்தப் பெயரை அன்று நாங்களும் நம்பினோம். எட்டு ஆண்டுகள் கையில் இருந்தன, மருந்தும் இருந்தது.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டில், ஐம்பதைத் தாண்டிய யாருக்காவது சிறு தடுக்கலில் மணிக்கட்டோ தோளோ முதுகோ முறிந்திருந்தால், மாவுக்கட்டு பிரிக்கும் நாளில் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: அடுத்த முறிவைத் தடுக்க என்ன செய்யப்போகிறோம்? பதில் வராவிட்டால் இன்னொரு மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள், எந்தக் கட்டுரையை வாசித்தாலும், இதையும் சேர்த்தே சொல்கிறேன், மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தாதீர்கள்.